நெட்டோட்டம் பார்த்த தேங்காய்

தேங்காயின் காலில் விழுந்து கிடந்தபோதுதான் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. தேங்காய்க்குக் கால் கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. விழுந்தவனால் எழ முடியவில்லை. நடுமுதுகுக்குக் கீழே யாரோ கடப்பாரையைச் சொருகி நெம்பினாற்போல வலி. "அய்யோ!" என்று கத்தினேன். கடைக்குள்ளும் வாசலிலும் நின்ற கூட்டம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, தானும் சேர்ந்து "அய்யோ!" என்றது.

"தனபாலண்ணனுக்கு அருள் வந்துருச்சுங்க சாமி!" என்றான் பக்கத்து ஜெராக்ஸ் கடை ரங்கன்.

அருளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. போர்வெல் வண்டி கொடுத்த வலி அது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இடுப்பு போனவனாக இருப்பதைவிட அருள் வந்தவனாக இருப்பது கௌரவமாகப் பட்டது. நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் திருநீறுகூடப் பூசிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மேசைமேல் மஞ்சள் பூசிய தேங்காய். அதன் பக்கத்தில் என் கம்ப்யூட்டர். திரையில் நெட் வேகம் காட்டும் முள், கடை திறந்த நாளிலிருந்து ஏறாத உயரத்துக்கு ஏறி நின்றது. முள்ளை ஏற்றிய மகான், கொண்டப்பநாயக்கன்பட்டி தீர்த்தகிரி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ கேட்டார். டீ வாங்க ஓடியவர்களின் கூட்டத்தில் எதிர்க்கடையில் பால் தீர்ந்துபோனது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதில் இடமே இல்லை, கவலைப்படாதீர்கள்.

திருச்செங்கோட்டில் பிறந்த பலருக்கும் வாய்க்கிற வேலைதான் எனக்கும் வாய்த்தது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ராடு மாட்டுகிற வேலை. பாஷை தெரியாத மாநிலமெல்லாம் போய்ப் பாறையைக் குடைந்தோம். தூசியைத் தின்றோம். இரும்பு ராடுகளைத் தூக்கித் தூக்கி ஒருநாள் இடுப்பு "போதும்" என்றது. "இனிமேல் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

ரிக் ஆபீஸ் மேனேஜர் சந்தோஷ்குமார் இரக்கப்பட்டு உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றைக் கொடுத்தார். போர்வெல் குழிக்குள் கேமரா இறக்கிப் படம் எடுப்பார்கள். எங்கே பாறை விலகியிருக்கிறது, எங்கே தண்ணீர் கசிகிறது என்று பார்ப்பதற்கு. எந்த மாநிலத்தில் எடுத்தாலும் அந்தப் படம் நெட் வழியாக, இதற்கென்று நான் வாடகைக்குப் பிடித்த சின்னக் கடைக்கு வரும். நான் அதை ஓடவிட்டுப் பார்த்து, எந்த அடியில் என்ன பாறை, எந்த அடியில் ஊற்று என்று எழுத்துப் போட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை அங்கே வண்டி நிற்கும். நிற்கிற வண்டி ஆட்களின் கூலியைத் தின்னும்.

இதற்காக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினேன். செங்கல் அளவு. மூடிப்போன ஒரு ஆபீஸின் பழைய சாமான்களோடு வந்தது. நெட்டுக்கு முந்நூறு வேகம் என்று பேசி மாதாமாதம் பணம் கட்டினேன். செங்கல்லோ தொண்ணூறைத் தாண்ட மாட்டேன் என்றது. கேமரா படமோ மலைப்பாம்பு மாதிரி நீளம். அது என் கடைக்குள் நுழைந்து முடிப்பதற்குள் மத்தியானச் சோறு ஆறிப்போகும்.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். தன் செல்போனில் பார்த்தார்; முந்நூறு. என் செங்கல்லில் பார்த்தார், தொண்ணூறு.

"லைன் சரியாத்தானுங்க இருக்குது. பொட்டிதான் பழசு. பின்னாடி வயர் மாட்டற ஓட்டை இருக்குது பாருங்க, அது இதுக்கு மேல தாங்காதுங்க."

ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ஆனால் 'பழசு, இதுக்கு மேல தாங்காது' என்ற சொல், கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நேராக என் இடுப்பில் வந்து தைத்தது. "நீ கெளம்பு" என்று அனுப்பிவிட்டேன்.

சந்தோஷ்குமார் நேரில் வந்தார்.

"தனபாலு, படம் போய்ச் சேர்றதுக்குள்ள வண்டியே ஊடு வந்து சேந்துரும் போல இருக்குது. வர்ற அமாவாசை வரைக்கும் பாக்கறேன். அப்பறம் ஈரோட்டுல ஒரு பையன் கேட்டுட்டு இருக்கறான், அவனுக்குக் குடுத்துருவேன். மனசுல வச்சுக்காதீங்க."

மனசில் வைக்கவில்லை. வயிற்றில் வைத்துக்கொண்டேன். இந்த வேலை போனால் எனக்குத் தெரிந்த மற்றொரு வேலை ராடு தூக்குவது. தூக்கினால் அப்புறம் என்னைத்தான் தூக்க வேண்டும்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கேபிள்காரரைத் திருப்பிக் கூப்பிட்டு, "அதுக்கு என்னப்பா வழி?" என்று கேட்டிருப்பான். நான் ரிக் வண்டிக்காரன். ஓட்டம் இல்லையென்றால் ஓட்டம் பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான். போர் போடுவதற்கு முன்னால் தேங்காய்க்காரர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு உழுகிற காட்டில் நடப்பார். அது எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே நீரோட்டம். அங்கே குடைவோம். தண்ணீர் வந்தால் தேங்காயின் மகிமை. தண்ணீர் இல்லாமல் வெறும் தூசிப் புகை வந்தால் காட்டுக்காரன் செய்த பாவம். என் ஆயுளில் தேங்காய் ஒருநாளும் தப்புச் செய்து நான் பார்த்ததில்லை.

தீர்த்தகிரி அப்படி நீரோட்டம் பார்த்தவர்தான். காலத்துக்கேற்ற மாதிரி தொழிலை மாற்றி இப்போது 'நெட்டோட்டம்' பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். சேலம் போனேன். ஏற்காட்டு மலை அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர் வீட்டைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. கூட்டம்தான் அடையாளம். பிரவுசிங் சென்டர்காரர்கள், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர்கள், நூல் மில் கணக்குப்பிள்ளைகள். படித்தவர்கள்தான் அதிகம். அது எனக்குத் தெம்பாக இருந்தது.

"நெலத்துக்கு அடியில தண்ணி ஓடுதில்ல சாமி?" என்றார் தீர்த்தகிரி.

"ஆமாங்க."

"நெட்டு கேபிளு எங்க ஓடுது?"

"அதுவும் நெலத்துக்கு அடியிலதானுங்க."

"அப்பறம் என்ன? ரெண்டும் ஓட்டம்தான். ஓட்டத்து மேல பொட்டி இருந்தா வேகம். வறண்ட மூலையில இருந்தா என்ன பண்ணுனாலும் புகைதான்."

இதைவிடப் பெரிய தர்க்கம் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் கடைக்குக் கேபிள் கரண்டுக் கம்பத்தின் மேலே, காக்கா உட்காரும் உயரத்தில் வருகிறது. அண்ணாந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இடுப்பு வலிக்காரன் அண்ணாந்து பார்ப்பதில்லை.

வந்தார். கடைக்குள் தேங்காயோடு சுற்றினார். கம்ப்யூட்டர் இருந்த மூலையில் தேங்காய் செத்த எலி மாதிரி படுத்துக் கிடந்தது. வாசல் பக்கம் வந்ததும் துள்ளி எழுந்தது. "இதுதான் ஓட்டம்!" மேசையை அங்கே நகர்த்தினோம். தேங்காயை என் கையிலும் கொடுத்துப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் கையிலும் எழுந்தது. என் உடம்பில் வேறு எதுவும் அவ்வளவு சுலபமாக எழுந்திருப்பதில்லை.

அடுத்தது தாயத்து. மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்ன உருண்டை. "எல்லாரும் மலைக்கோயிலைப் பாத்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கங்க" என்றார். மூடினோம். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். தெய்வம் இறங்கும்போது டக் என்று சத்தம் வரும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நாங்களாகவே தெரிந்துகொண்டோம். கண்ணைத் திறந்தால், கம்ப்யூட்டரின் முதுகில் தாயத்து தொங்குகிறது. நெட் வயர் தாயத்தின் வாய்க்குள் போகிறது. தாயத்தின் வால் கம்ப்யூட்டருக்குள் போகிறது. தாயத்துக்கு எதற்கு வால் என்று கேட்க ஒரு வாய்கூட அங்கே இல்லை.

"துணியைப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா ஓட்டம் ஆயிரம் அடிக்குக் கீழ போயிரும். அமாவாசைக்கு அமாவாசை நான் வந்து புதுப்பிப்பேன்."

முள் ஏறியது. முந்நூறு. நான் விழுந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

அன்று அவர் வாங்கிக்கொண்டு போனது என் கடையின் இரண்டு மாத வாடகை. சந்தோஷமாகக் கொடுத்தேன். ராத்திரி என் மனைவி வசந்தாமணி கோழிப்பண்ணை வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முட்டைக் கோழிகளுக்கு அவள்தான் சூப்பர்வைசர். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, பொட்டிக்குத் தாயத்துக் கட்டறப்ப உங்களை எதுக்குங்க திரும்பச் சொன்னாரு?" என்றாள்.

"உனக்குக் கோழியத் தவிர என்ன தெரியும்?" என்றேன்.

"கோழிகூட என்னன்னு திரும்பிப் பாக்குமுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய வேலை. தெருவெல்லாம் சொன்னேன். சொல்லும்போது தொண்ணூறை முப்பது ஆக்கினேன், முந்நூறை ஐந்நூறு ஆக்கினேன். தீர்த்தகிரிக்கு எங்கள் தெருவிலேயே பத்துப் பதினைந்து தாயத்துக்கு ஆள் சேர்ந்தது. கமிஷன்கூட வாங்காத ஏஜென்ட் நான். முட்டாள்தனத்தை இனாமாகச் செய்கிறவனைவிட அபாயமானவன் யாருமில்லை.

ரங்கனையும் நான்தான் பிடித்துத் தள்ளினேன். "எனக்கு வேகம் போதும்ணா" என்றான். "போதும்னு சொல்றவன் முன்னுக்கு வர மாட்டான்" என்றேன். அவன் கடையில் தேங்காய் எங்கேயும் எழவில்லை. பின்சுவரில் கையை அழுத்தியபோது மட்டும் ஆடியது. "ஓட்டம் செவுத்துக்கு நடுவுல நிக்குது. செவுரு மறிக்குது" என்றார் தீர்த்தகிரி.

ரங்கன் தயங்கினான். அவன் அப்பா கல் உடைத்த காசில் கட்டிய கடை. "இடிச்சுப் போடு ரங்கா, நானிருக்கறேன்" என்றேன். கடப்பாரையை வாங்கி முதல் அடியையும் நானே போட்டேன். டாக்டர் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்றுதான் சொன்னார், சுவர் இடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

சுவர் விழுந்தது. அது இருந்த இடத்தில் மேசை போட்டார்கள். தாயத்துக் கட்டினார்கள். கண்ணை மூடினார்கள். டக். முள் தொண்ணூறில் நின்றது. முன்பும் தொண்ணூறுதான்.

தீர்த்தகிரி ரங்கனை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து என்ன சாப்பிட்ட?"

"சோறுங்க... ஒரு ஆம்லெட்டுங்க."

"முட்டையா! அதான் ஓட்டம் செத்துப்போச்சு."

கூட்டம் ரங்கனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. நாமக்கல் மாவட்டத்தில் நின்றுகொண்டு முட்டையைத் தோஷம் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் பாருங்கள். அந்தத் தைரியத்தில் பாதி எங்களுக்கு இருந்திருந்தால் அவரைக் கேள்வி கேட்டிருப்போம்.

இதை வீட்டில் சொன்னபோது வசந்தாமணி தட்டில் முட்டைக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"நீங்க தெனமும் ரெண்டு முட்டை திங்கறீங்க. உங்க பொட்டி மட்டும் எப்படிங்க ஓடுது?"

வாயில் இருந்த முட்டையை முழுங்கினேன். இரண்டாவது முட்டையையும் சாப்பிட்டுவிட்டேன்.

அமாவாசை வந்தது. தாயத்தைப் புதுப்பிக்கத் தீர்த்தகிரி வந்தார். தெருவே என் கடை வாசலில். வேலையைத் தொடர்ந்து தருவதா என்று பார்க்க சந்தோஷ்குமாரும் வந்து நின்றார். வசந்தாமணி பண்ணைக்கு லீவு போட்டிருந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க" என்றாள் பவ்யமாக.

"கேளு சாமி."

"எங்க பண்ணையில முட்டை கொறைஞ்சா தீவனம், தண்ணி, வெளக்கு எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த மாட்டமுங்க. ஒண்ணை மாத்தி நாலு நாளு பாப்பம். அப்பறம் இன்னொண்ணு. அப்பத்தான் எதுல கோளாறுன்னு தெரியும். நீங்க மேசையை மாத்துனீங்க, தேங்காய் வச்சீங்க, தாயத்துக் கட்டுனீங்க. இந்த மூணுல எது வேலை செஞ்சுதுன்னு தெரிஞ்சா, நாங்க அதை மட்டும் கும்பிட்டுக்குவமில்லீங்க?"

தீர்த்தகிரி சிரித்தார். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை. "தெய்வத்தைச் சோதிக்கப் படாது சாமி."

"தெய்வத்தை இல்லீங்க. பொட்டியைத்தான்."

அவள் காத்திருக்கவில்லை. தேங்காயை எடுத்துக் கூடையில் போட்டாள். முள்ளைப் பார்த்தோம். முந்நூறு. "ரங்கா, மேசையைப் பழைய மூலைக்குத் தள்ளு." வறண்ட மூலை. முந்நூறு. அடுத்து, நீள வயரோடு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கக்கூஸ் வாசப்படியில் வைத்தாள். கூட்டத்தில் ஒருவர் "அய்யய்யோ, தீட்டு!" என்றார். முள்ளுக்கு மூக்கு இல்லை. முந்நூறு.

"இப்பத் திரும்ப வாங்க." மேசை ஓட்டத்துக்கு வந்தது. தேங்காய் மேசைக்கு வந்தது. ஊதுபத்தியும் கொளுத்திக் கும்பிட்டாள். தாயத்தை மட்டும் பிடுங்கிவிட்டு வயரைக் கம்ப்யூட்டரின் பழைய ஓட்டையில் நேராக மாட்டினாள்.

தொண்ணூறு.

கூட்டம் தேங்காயை விட்டுவிட்டுத் தாயத்தைப் பார்த்தது.

"நாந்தான் மொதல்லயே சொன்னனே, தாயத்துலதான் சக்தின்னு" என்று கையை நீட்டினார் தீர்த்தகிரி. "அதை இங்க குடு."

"தாரேனுங்க. துணியை மட்டும் வச்சுக்கறேன்." தீவன மூட்டை பிரிக்கிற சின்னக் கத்தி அவள் இடுப்பில் எப்போதும் இருக்கும். மஞ்சள் துணி கிழிந்தது. உள்ளே விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஒரு பக்கம் நெட் வயர் மாட்டும் வாய். மறுபக்கம் பென்டிரைவ் மாதிரி வால். முதுகில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. என் வாடகையில் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாத விலை.

சந்தோஷ்குமார் வாங்கிப் பார்த்தார். "அட கெரகமே! எங்க ஆபீஸ் லேப்டாப்புக்கு மாட்டியிருக்கறதுதான் இது. கம்ப்யூட்டர்ல பழைய ஓட்டை மெதுவா இருந்தா, இதைப் பென்டிரைவ் சொருகற எடத்துல மாட்டுனா வேகமா வரும். கேபிள்காரன்கிட்டக் கேட்டிருந்தா அவனே வாங்கிக் குடுத்திருப்பானே தனபாலு!"

கேபிள்காரரை நான் எப்படி வழியனுப்பினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

தீர்த்தகிரி நிமிர்ந்தார். அனுபவஸ்தர். "பொருள் எந்திரம்தான், நான் இல்லைங்கல. அதுக்கு உசுரு குடுத்தது என்னோட மந்திரம்."

"சரிங்க" என்றாள் வசந்தாமணி. "மந்திரம் போடாதது ஒண்ணு வேணுமே. உங்க பையில இருக்குமுங்களா?"

அவர் பையைக் கக்கத்தில் இறுக்கினார். ரங்கன் அதை உருவினான். சுவர் இழந்தவனின் கைக்கு ஒரு பலம் வந்துவிடுகிறது. உள்ளே கடைப் பொட்டலம் பிரிக்காத கறுப்புத் துண்டுகள் ஒரு கொத்து, மஞ்சள் துணி ஒரு சுருள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து மாட்டினார்கள். இந்த முறை யாரும் கண்ணை மூடவில்லை. டக். இந்த டக்கைத்தான் நாங்கள் தெய்வம் என்று நினைத்தோம்.

முந்நூறு.

"அப்ப என்னோடது ஏனுங்க ஓடல?" என்றான் ரங்கன், அழுகிற குரலில்.

"நீ எவ்வளவு வேகத்துக்குப் பணம் கட்டற?" என்றார் சந்தோஷ்குமார்.

"நூறுக்குங்க."

"நூறு கட்டுனா நூறுக்குள்ளதான்டா வரும். ஊரையே இடிச்சாலும் அதுக்கு மேல எப்படி வரும்?"

ரங்கன் தீர்த்தகிரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

கூட்டம் தீர்த்தகிரியின் மடியில் இருந்ததைப் பறித்துக்கொண்டு அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. மடியில் இருந்தது அன்றைய வசூல் மட்டும்தான். பழைய வசூல் மலை அடிவாரத்தில் மாடி வீடாக நிற்கிறது. வேலை எனக்கே என்று சொல்லிவிட்டுச் சந்தோஷ்குமார் போனார். போகும்போது, "அருள் வந்தா மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கூட்டத்தில் ஒருவர் மெதுவாக மேசைப்பக்கம் வந்தார்.

"ஏனுங்கம்மா, இந்தத் தேங்காயை நான் எடுத்துக்கட்டுங்களா? காட்டுல போர் போடோணும்."

"இவ்வளவு நேரம் என்னத்தைப் பாத்தீங்க?"

"அது நெட்டுங்க. இது தண்ணியில்லீங்க?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் தலை அவருக்கு ஆமாம் போட்டு ஆடியது. வசந்தாமணி என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். தேங்காயை அவர் நின்ற இடத்திலேயே மேசைமேல் படுக்க வைத்தாள்.

"எந்திரிக்கச் சொல்லுங்க."

எழவில்லை. அவர் கையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆடி ஆடி எழுந்தது. திரும்ப மேசையில். படுத்துக்கொண்டது.

"ஓட்டம் கையிலதானுங்க இருக்குது" என்றாள். "மேசைக்கு ஆசை இல்லை, ஆட்டவும் தெரியல."

அன்று சாயங்காலம் அந்தத் தேங்காயைச் சட்னி அரைத்தோம். நன்றாகவே இருந்தது. அது செய்யத் தெரிந்த வேலை அதுதான். இப்படிக் கையில் எழுந்து நின்ற தேங்காய்களை நம்பி எத்தனை காடுகளில் எத்தனை பேர் அடகு வைத்த நகையைப் புகையாக்கினோம் என்று தின்னும்போது நினைத்தேன். தேங்காய்க்கு மூன்று கண் இருக்கிறதென்று அதனிடம் வழி கேட்கிற மக்களே, அந்த மூன்றும் குருடு. உங்கள் முகத்தில் இருக்கிற இரண்டைத் திறந்து வையுங்கள். யாராவது "கண்ணை மூடு" என்றால் அப்போது இன்னும் அகலமாகத் திறங்கள்.

செங்கல் அளவுக் கம்ப்யூட்டர் இப்போது பழைய மூலையில், மஞ்சள் துணி இல்லாமல், முந்நூறில் ஓடுகிறது. ரங்கன் கடையின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. சந்து ஆடுகள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து ஜெராக்ஸ் பேப்பரைத் தின்கின்றன. அவன் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆட்டை விரட்டும்போது மட்டும் சத்தமாக விரட்டுகிறான்.

ரங்கனுக்கு நான் ஒரு சுவர் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் கட்டித் தரவில்லை.